மூன்றாவது நாற்காலிக்கு வந்த அம்மா

பிப்ரவரி 9, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னேன், எப்போது சொன்னேன் என்று கேட்டால் அது நினைவில்லை. ஆனால் சொன்னேன். அக்கா பெற்றது பையனாக நிற்காது, பெண்ணாகத்தான் நிற்கும் என்று, நாலு வயதில் என் கடை நாற்காலியில் பலகை போட்டு உட்காரவைத்தபோதே எனக்குத் தெரியும். "வெட்டாதீங்க மாமா, சீவி மட்டும் விடுங்க" என்று அன்றைக்கே சொன்னவள். அத்தானுடைய ஏறுநெற்றி அவளுக்கும் வரும் என்றேன். வந்தது. ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்தால் ஐந்தாவது மாதம் என் முன்னால் வந்து அழுவாள் என்றேன். இன்று வந்தாள்.

முப்பத்திரண்டு வருடமாக முடிதிருத்தும் கடை. மூன்று நாற்காலி. ஊரில் பாதித் தலை என் கைக்குள் குனிந்து நிமிர்ந்ததுதான். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு முடியைப் பற்றித் தெரிந்தது, எட்டு வருடம் டாக்டருக்குப் படித்தவர்களுக்கும் தெரியாது. அதனால்தான் நேராக என்னிடம் வந்தாள்.

மத்தியானம், கடையில் ஆள் இல்லை. மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருக்கிற கண்ணாடியை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பின்னறையில் லென்ஸ் அறுக்கிற வேலை அவளுக்கு.

"ஜூலையிலேர்ந்து முன்னாடி கவுன்ட்டர்ல நிக்கச் சொல்றாங்க மாமா, முதலாளியம்மா."

"நல்ல சேதிதானே?"

"ஃப்ரேம் மாட்டிவிடும்போது அவங்க மூஞ்சிக்கும் என் மூஞ்சிக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருக்கும். அஞ்சு மாசமா மாத்திரை போடுறேன். தாடி போன பாடில்ல."

தாடையில் கட்டைவிரலை எதிர்த்திசையில் ஓட்டிப் பார்த்தேன். சொரசொரப்பு குறையவே இல்லை. அதை எப்படிச் சொல்வது? அப்போதுதான் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஏழு வருடம் முன்னால் இதே நாற்காலிக்கு வந்தவர். இவளை மாதிரிதான். தாடி, பாத்திரம் தேய்க்கிற கம்பி. தலை, மேலே சுற்றுகிற ஃபேன் அதில் தெரியும். ஆறே மாதம், வெறும் மாத்திரைதான். தாடி தானாக உதிர்ந்து முகம் பீங்கான் தட்டு மாதிரி ஆகிவிட்டது. தலையில் முடி மொய்த்து, என் சீப்பு இரண்டு உடைந்தது.

நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். சிரித்தாள்கூட.

"நெசமாவா மாமா?"

"உன் மாமா நான் என்னிக்குப் பொய் சொல்லியிருக்கேன்?"

அவள் போனபிறகு அந்த நாற்காலியை ரொம்ப நேரம் துடைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. காலையில் துடைத்த நாற்காலிதான்.

பிப்ரவரி 12, வியாழன்

போன். "அந்த அம்மாவுக்கு எத்தனாவது மாசம் உதிர ஆரம்பிச்சுது மாமா?"

நுரை போட்ட முகம் ஒன்று எனக்காகக் காத்திருந்தது. "நாலாவது" என்றேன். சொன்னபிறகுதான் உறைத்தது. அவளுக்கு ஐந்து முடிந்துவிட்டதே. எட்டாவது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். என் வாய்க்கு என்ன அவசரம்?

பிப்ரவரி 20, வெள்ளி

ஷேவ் பண்ணப் பண்ண முடி தடிக்கும் என்று போன வருடம் அவளிடம் சொன்னது நான்தான். தொழில் ரகசியம், எனக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு கத்தியே வைக்காமல் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறாள். இன்று மோவாய் முழுக்கச் செக்கச் செவேலென்று பொரிப் பொரியாக வந்து நின்றாள். படிகாரத்தை நனைத்துத் தடவினேன். எரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள்தான் வெளுத்தன.

"வலிக்குதா மாப்ள?" என்று கேட்டுவிட்டேன். இருபத்தாறு வருடம் அப்படிக் கூப்பிட்ட வாய். ஒரு வருடமாகத்தான் திருத்திக்கொண்டு வருகிறேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"மருமகளே" என்றேன் உடனே.

"விடுங்க மாமா. இந்த மூஞ்சியப் பாத்தா யாருக்குத்தான் மருமகள்னு வாயில வரும்?"

மறுபடியும் அந்த அம்மாவை இழுத்தேன். அவரையும் முதலில் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள், ஆறு மாதம் கழித்துப் பெண் பார்க்கவே வந்தார்கள் என்று. இது கொஞ்சம் அதிகமோ?

மார்ச் 3, செவ்வாய்

ஹார்மோன் டாக்டரிடம் போனோம். அவள், அக்கா, நான். டாக்டர் ஒரு அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகிறவர். நான் என்ன சொல்லியிருந்தேனோ கிட்டத்தட்ட அதைத்தான் அவரும் சொன்னார். கிட்டத்தட்ட.

"தாடி வளர்க்கப் பழகின மயிர்க்கால் மாத்திரையில திரும்பிப் போகாதும்மா. வளர்ற வேகம் குறையும், கொஞ்சம் மெலிசாகும். அவ்வளவுதான். கை, கால், நெஞ்சுல இருக்கிறது குறையும், அதுக்கே மாசக்கணக்காகும். முகத்துக்கு லேசர் பண்ணணும். இல்லன்னா ஒவ்வொரு வேரா ஊசி வெச்சுக் கரண்ட்டுல பொசுக்கணும்."

"தலைமுடி?" என்றாள் அக்கா.

"உதிர்றது நிக்கும். சமீபத்துல போனது கொஞ்சம் திரும்பி வரலாம். ரொம்ப நாளா வழுக்கையா இருக்கிற இடத்துல எதிர்பாக்காதீங்க."

"அதேதான்" என்றேன். அக்கா முழங்கையால் இடித்தாள்.

"ஷேவ் பண்ணா தடிக்குமாமே டாக்டர்?" இது என் மருமகள்.

"தடிக்காதே. யார் சொன்னா?"

நான் சுவரில் மாட்டியிருந்த தைராய்டு படத்தைக் கவனமாகப் படித்தேன்.

"லேசர் பண்ணப் போறவங்க பிடுங்கவே கூடாது. வேர் உள்ள இருந்தாத்தான் லேசர் அதைச் சுடும். முந்தின நாள் சுத்தமா ஷேவ் பண்ணிட்டு வரணும். தெரிஞ்ச ஆள் யாராவது ஷேவ் பண்ணிவிட இருக்காங்களா?"

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

இதோடு எழுந்து வந்திருக்கலாம். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்று அவள் சொன்னாள்: "எங்க மாமா கடைக்கு வர்ற ஒருத்தங்களுக்கு ஆறு மாசத்துல மாத்திரையிலயே தாடி மொத்தமும் உதிர்ந்துடுச்சு டாக்டர்."

டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கினார். "இத்தன வருஷத்துல நான் அப்படி ஒருத்தரைப் பாத்ததில்ல. ஒருதரம் கூட்டிட்டு வாங்க சார், நானும் பாக்கணும்."

சார் என்று என்னைக் கூப்பிட்ட முதல் டாக்டர். சந்தோஷப்பட முடியவில்லை.

மார்ச் 5, வியாழன்

டாக்டர் சொன்னதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். இல்லை.

"டாக்டர் பொதுவாத்தான் மாமா சொல்வாங்க. நீங்க கண்ணால பாத்திருக்கீங்க. அவங்களை நான் ஒரு தடவை பாக்கணும். என்ன மாத்திரை, எத்தன, எல்லாம் கேக்கணும்."

"அவங்க இப்ப இங்க இல்ல."

"எங்க?"

"மக வீட்டுக்குப் போயிட்டாங்க. வளர்ப்பு மக."

இப்போது அந்த அம்மாவுக்கு ஒரு மகள் வந்துவிட்டாள். இந்தப் போக்கில் பேரனுக்குக் காது குத்தவும் நான்தான் போகவேண்டும்.

மார்ச் 14, சனி

கடைத் துண்டுகளை மடித்துக்கொண்டே என் மனைவி கேட்டாள்: "அது யாருங்க, உங்க மருமக சொல்றாளே, மூணாவது நாற்காலி அம்மா?"

"பழைய கஸ்டமர்."

"மூணாவது நாற்காலி வாங்கி நாலு வருஷம்தான ஆச்சு. ஏழு வருஷம் முன்னாடி அந்தம்மா எதுல உக்காந்தாங்க, உங்க மடியிலயா?"

துண்டு மடிப்பதில் உதவி செய்தேன். முப்பது வருடத்தில் செய்யாத வேலை. அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"பாவங்க அந்தப் பொண்ணு. நீங்களே சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சரி, இங்கேயாவது எழுதிவைக்கிறேன். அந்த அம்மா என் கடைக்கு வந்ததில்லை. எந்தக் கடைக்கும் வந்ததில்லை. அன்றைக்கு மருமகள் அழுதபோது வாயில் வந்தார், வந்து உட்கார்ந்துகொண்டார். அழுகிற முகத்தைச் சிரிக்கவைக்க ஒரு கதை சொன்னால் தப்பா? வாடிக்கையாளர்களுக்கு நான் தினமும் சொல்வதுதானே? "முடி கொட்டுறது நின்னுருக்கு சார்" என்று சொல்லாத முடிதிருத்துபவன் உண்டா?

நாளை சொல்லிவிடுவேன். நாளை ஞாயிறு, கடையில் கூட்டம். திங்கள்.

ஏப்ரல் 2, வியாழன்

நாளைக்கு அவளுக்கு முதல் லேசர். நான் ஷேவ் பண்ணிவிட்டேன். இந்த ஊரில் என்னைவிட நெருக்கமாகச் சவரம் செய்கிறவன் இல்லை, இது மட்டும் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். தாடைக்குக் கீழே அவளுக்கு முடி இரண்டு திசையில் படுத்திருக்கிறது. இடப்பக்கம் மேலிருந்து, வலப்பக்கம் காதை நோக்கி. மெதுவாகப் போகவேண்டும்.

சீவிப் பார்த்தேன். சீப்பில் நாலே முடி. அக்டோபரில் பிடிப் பிடியாக வந்த தலை.

"பாத்தியா, உதிர்றது நின்னுடுச்சு."

"தலை சரி மாமா. தாடி? அந்த அம்மாவுக்கு இந்நேரம் சுத்தமா போயிருக்குமே."

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது மருமகளே."

"அப்ப எனக்கு மாத்திரை பத்தலையா?"

அப்போது இரண்டு பேர் முடிவெட்ட உள்ளே வந்தார்கள். நான் அவர்களைப் பார்த்து "வாங்க வாங்க" என்றேன். அவ்வளவு பெரிய வரவேற்பை அவர்கள் என் கடையில் பார்த்திருக்க மாட்டார்கள். திரும்பியபோது அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

பத்தலையா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு வார்த்தை. ஏன் சொல்லவில்லை?

ஏப்ரல் 19, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். "தம்பி, ஒரு மாசத்துக்கு வாங்கின மாத்திரை பதினாறு நாள்ல காலியாயிருக்குடா. கேட்டா கீழ கொட்டிடுச்சுங்கறா. அத்தனையுமா கொட்டும்?"

கையெல்லாம் நுரை. போன் வழுக்கிக் கீழே விழுந்தது. நல்லதாகப் போயிற்று, பதில் சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் மூன்று தலை வெட்டினேன், மூன்றாவது ஆளுக்கு ஒரு பக்கக் கிருதாவை மேலே ஏற்றிவிட்டேன். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 21, செவ்வாய்

சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "மருமகளே, மாமா ஒரு தப்பு பண்ணிட்டேன்." நன்றாகத்தான் வந்தது. அவர்கள் வீட்டு மூன்றாம் மாடிப் படியில் ஏறுகிறபோது முதல் மாடியில் அந்த வாக்கியம் இருந்தது. மூன்றாவது மாடியில் இல்லை.

கதவைத் திறந்தவள் முகம் உப்பியிருந்தது. "தலைவலி மாமா" என்றாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாள் அக்கா. ஒரு மணி நேரம் குழாயைச் சரிசெய்தேன். இப்போது முன்பைவிட அதிகமாக ஒழுகுகிறது. வந்துவிட்டேன்.

என்ன மனுஷன்டா நீ?

ஏப்ரல் 27, திங்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் காலையில் மயங்கி விழுந்துவிட்டாள். இடது கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது. காலில் ரத்தம் கட்டியிருக்கலாம், அது நெஞ்சுக்குப் போனால் ஆபத்து என்று ஸ்கேன் எடுக்கிறார்கள். நான் கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் ஓடியிருக்கிறேன், ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஹார்மோன் டாக்டர் வந்தார். கண்ணாடி நெற்றியில் இல்லை, கண்ணில் இருந்தது. "ரெட்டிப்பா போட்டிருக்காங்க. மூணு வாரமா. அதிகமா போட்டா தாடி சீக்கிரம் போகும்னு யாரு இவங்களுக்குச் சொன்னது? தாடி ஒண்ணும் ஆகாது. ரத்தம்தான் கட்டும்."

அக்கா அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆறுதலுக்காகப் பார்த்தாள். அது இன்னும் மோசம்.

ஸ்கேன் முடிவு சாயங்காலம். கடவுளே. நாலு மணி. நாலே கால். அந்தச் சுவர்க் கடிகாரம் ஓடுகிறதா இல்லையா?

ஐந்தரை. ரத்தக்கட்டு இல்லை. வீக்கம் தானாக இறங்குமாம். இரண்டு மூன்று நாள் இங்கேயே இருக்கவேண்டும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்று சொல்லிவிட்டேன். நானே சொன்னேன்.

வார்டுக்குள் நிமிர்ந்து நடந்து போனேன். கட்டில் பக்கத்தில் நின்று, கணீரென்று, "மருமகளே, அப்படி ஒரு அம்மா இல்ல. உன் மாமா கட்டின கதை. எந்தத் தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கறேன்" என்றேன். ஊசி போட வந்த நர்ஸம்மா அப்படியே நின்றுவிட்டார். பக்கத்துக் கட்டில் பாட்டையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமகள் என் கையைப் பிடித்து, "மாமா, இப்படித் தைரியமா உண்மையச் சொல்ல இந்தக் காலத்துல யாரு இருக்கா?" என்றாள். வெளியே வந்தபோது காவல்காரர் கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு சல்யூட் வைத்தார்.

மனசு லேசாக இருக்கிறது. இருக்கவேண்டும்.

மே 2, சனி

வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு மட்டும் செய்தி அனுப்பியிருக்கிறாள்: "கொஞ்ச நாள் வராதீங்க மாமா." என் மனைவியும் சரியாகப் பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்.

மே 13, புதன்

நாளைக்கு அவளுக்கு இரண்டாவது லேசர் என்று அக்கா சொன்னாள். அப்படியானால் இன்று ஷேவ் செய்யவேண்டும். யார் செய்வார்கள்? தானே செய்தால் தாடைக்குக் கீழே வெட்டிக்கொள்வாளே. அங்கே முடி இரண்டு திசையில் போகும் என்று அவளுக்குத் தெரியுமா? கண்ணாடியில் அது தெரியாதே.

இரண்டு தடவை போனை எடுத்து வைத்தேன்.

மே 17, ஞாயிறு

ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறதாம். சொன்ன அளவுதான் மாத்திரை. அக்கா எண்ணிக் கொடுக்கிறாள்.

ஜூன் 24, புதன்

வந்தாள்.

மத்தியானம், கடையில் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்து, முதல் நாற்காலியில் உட்கார்ந்து, "நாளைக்கு லேசர்" என்றாள். தாடைக்குக் கீழே பழைய வெட்டு இரண்டு, ஆறிக் கோடாக இருந்தன. வெந்நீர்த் துண்டு வைத்தேன், நுரை போட்டேன்.

முடித்துத் துடைத்தபிறகு அவள் எழவில்லை.

"எப்படியிருக்கு? உள்ளதைச் சொல்லுங்க. கதை வேணாம்."

இந்தக் கடையில் நான் அப்படிப் பேசிப் பழகியதில்லை. விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னேன்.

"மேலுதட்டுல பாதி இடம் வழுவழுன்னு ஆயிருக்கு. கன்னத்துல திட்டுத் திட்டா போயிருக்கு. மோவாயில அப்படியேதான் இருக்கு. இன்னும் நிறையத் தடவ போகணும்."

"தலை?"

"உச்சியில கொட்டுறது நின்னுடுச்சு. நெத்தி ஓரத்துல பூனை முடியா கொஞ்சம் வந்திருக்கு. அது தடிக்குமான்னு எனக்குத் தெரியாது. ரெண்டு மூலையும்..."

"சொல்லுங்க."

"வராது."

"வராதுல்ல?"

"வராது மருமகளே."

கொஞ்ச நேரம் கண்ணாடியில் தன் நெற்றியைப் பார்த்தாள். அழுவாள் என்று பயந்தேன். அழுதால் சொல்வதற்கு என்னிடம் யாரும் இல்லை.

"சரி. அப்ப வகிட்டை மாத்தி, முன்னாடி முடிய நெத்தியில விழற மாதிரி வெட்டி விடுங்க. அடுத்த புதன்கிழமையிலேர்ந்து கவுன்ட்டர்ல நிக்கணும்."

"மோவாய்க் கருப்போடவா?"

"ஃப்ரேம் போட்டுப் பாக்கறவங்க அவங்க மூஞ்சியத்தான் பாப்பாங்க மாமா. ரெண்டு மாசமா பின்னறையிலேர்ந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். எதிர்ல நிக்கறவங்கள யாரும் பாக்கறதில்ல. பாத்தா பாக்கட்டும்."

வெட்டினேன். நிதானமாக, ஒரு மணி நேரம். செய்தித்தாள் படித்தவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். போகட்டும்.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "இல்லாத ஒருத்தியப் பாத்து ரெண்டரை மாசம் பொறாமைப்பட்டேன். அப்புறம் அவங்களுக்காக ரெண்டு நாள் அழுதேன். இன்னும் ஆறல மாமா. ஆனா ஷேவுக்கு வருவேன்."

அழுதது எதற்கு என்று இந்த நோட்டில் இல்லை. ஏப்ரல் 28 பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், பக்கத்திலேயே இருக்கட்டும், இதையும் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு நர்ஸம்மா யாரும் நிற்கவில்லை. யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. அவள் கட்டிலில் படுத்தபடியே, "அந்த அம்மா நம்பர் குடுங்க மாமா, எத்தன மாத்திரை போட்டாங்கன்னு நானே கேட்டுக்கறேன்" என்றாள். உண்மையை அவளிடம் சொன்னது அவள் அத்தை, என் மனைவி, இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு எடுத்துப் போனபோது. நான் சொல்லவில்லை. நான் சொன்னது, அந்த அம்மா செத்துப்போய்விட்டார் என்று.